கனவை வைத்து எண்ணத்தைத் திருத்துவது: கவுன்சலிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கனவில் பல் விழுந்தால் வீட்டில் ஒரு சாவு, பாம்பு துரத்தினால் குலதெய்வத்துக்கு ஏதோ குறை வைத்திருக்கிறோம், கல்யாணம் கண்டால் கெட்டது, சாவைக் கண்டால் நல்லது, விடிகாலையில் கண்டது பலித்தே தீரும். செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாபேட்டையிலோ எந்த வீட்டில் கேட்டாலும் இந்தப் பட்டியல் கிடைக்கும். யூடியூபைத் திறந்தால் இன்னொரு பட்டியல்: பாம்பு என்றால் அடக்கி வைத்த ஆசை, தண்ணீர் என்றால் அம்மா. சேலத்தில் கவுன்சலிங்குக்கு முதல் தடவை வருகிறவர்கள் இந்த இரண்டில் ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் "மேடம், எனக்கு அடிக்கடி இப்படி ஒரு கனவு வருதுங்க, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறார்கள்.

அர்த்தம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கனவை வைத்து உருப்படியாக ஒரு வேலை செய்யலாம். "நான் எதுக்கும் லாயக்கில்லை", "என்னை நம்பினால் எல்லாம் கெட்டுப்போகும்", "எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்" போன்ற எண்ணங்கள் பகலெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் யாராவது நேராகக் கேட்டால் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவோம், சொல்லும்போது அது பொய் என்றும் நமக்குத் தோன்றாது. ராத்திரி அதே எண்ணம் ஆட்களோடும் இடத்தோடும் ஒரு காட்சியாக வந்து நிற்கும். அப்போது பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அது உண்மையா என்று சரிபார்க்கலாம். அந்த வேலையைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்த வழி எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் யூடியூப் பட்டியல்மேல் இருக்கும் மயக்கம் கொஞ்சம் குறையும்.

உளப்பகுப்பாய்வு என்னும் சிகிச்சை வழியைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்டின் கனவு நூல் 1900 என்று ஆண்டு அச்சிட்டு வெளிவந்தது. கனவில் தெரிவது மேல்பூச்சு, உள்ளே வேறு ஆசை ஒளிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருந்த மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் அந்த வழியில் பயிற்சி பெற்றவர்தான். டிப்ரஷனில் இருப்பவர்கள் மற்றவர்மேல் உள்ள கோபத்தைத் தங்கள் பக்கமே திருப்பிக்கொள்கிறார்கள் என்று ஃப்ராய்ட் வழியினர் சொன்னதை நிரூபிக்க 1950-களின் கடைசியில் அவர் நோயாளிகளின் கனவுகளைச் சேகரித்துப் பார்த்தார். எதிர்பார்த்தபடி கோபம் கிடைக்கவில்லை. தோற்றுப்போவது, தொலைத்துவிடுவது, ஒதுக்கப்படுவது, கைக்கு வந்தது நழுவுவது, இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. பகலில் அவர்கள் தங்களைப் பற்றி எப்படி நினைத்தார்களோ அதேதான் கனவிலும் இருந்தது. ஒளித்து வைத்த ஆசை என்று ஒன்றைத் தேடவேண்டிய அவசியமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. பின்னால் 1960-களில் அவர் உருவாக்கிய சிபிடி என்னும் எண்ணம் சார்ந்த சிகிச்சைக்கு இந்தக் கனவு ஆராய்ச்சியும் ஒரு தொடக்கம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிகிச்சை வளர வளர கனவு அதில் ஓரம்கட்டப்பட்டுவிட்டது. இன்றும் நிறைய சிபிடி தெரபிஸ்டுகள் கனவைப் பற்றிக் கேட்பதே இல்லை.

பெக் வழியில் கனவைப் பார்க்கக் கேட்கவேண்டியவை மூன்றே கேள்விகள். கனவில் நீங்கள் உங்களை எப்படிப்பட்ட ஆளாகப் பார்த்தீர்கள்? சுற்றியிருந்தவர்கள், அந்த இடம், உலகம் எப்படி இருந்தது? அடுத்து என்ன ஆகும் என்று எதிர்பார்த்தீர்கள்? கனவில் வந்தது பாம்பா, பஸ்ஸா, பரீட்சை ஹாலா என்பது இரண்டாம் பட்சம்.

முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள்

கெட்ட கனவுக்கு எண்ணத்தோடு சம்பந்தமே இல்லாத சில காரணங்களும் உண்டு. அவற்றைப் பார்க்காமல் நோட்டும் பேனாவுமாக உட்காருவது நேர விரயம்.

புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கியிருக்கிறீர்களா? டிப்ரஷனுக்குத் தரும் சில மாத்திரைகளும், ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ தரும் ப்ராப்ரனலால் போன்றவையும் கனவுகளைத் தெளிவாகவும் சில சமயம் பயங்கரமாகவும் ஆக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டிப்ரஷன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் கனவு அதிகமாகும், மற்ற தொல்லைகளும் வரும். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். குடித்துவிட்டுப் படுத்தால் முன்னிரவில் கனவுத் தூக்கம் அமுங்கி, பின்னிரவில் மொத்தமாகப் பொங்கும். தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தும்போது வருகிற கனவு இன்னும் மோசமாக இருக்கும், உடம்புக்கும் அது ஆபத்து, ஆஸ்பத்திரி மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும்.

பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு முட்டுகிற மாதிரி கனவு கண்டு எழுகிறவர்கள் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும். நடு வயதைத் தாண்டியவர் கனவில் வரும் சண்டைக்கு நிஜமாகவே கை கால் வீசி, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்தோ கட்டிலிலிருந்து விழுந்தோ காயப்படுத்திக்கொண்டால், அதற்கு நரம்பியல் டாக்டரைப் பார்ப்பதுதான் சரி. அப்புறம் அமுக்குவான் பேய். முழிப்பு வந்தும் அசைய முடியாமல் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருப்பது தூக்க முடக்கம். கனவுத் தூக்கத்தில் உடம்புத் தசைகள் தளர்ந்து கிடக்கும், அந்தத் தளர்வு விலகுவதற்கு முன்னால் மூளை விழித்துவிடுகிறது, அவ்வளவுதான். தூக்கம் கெட்டவர்களுக்கும் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும் இது சகஜம்.

விடிகாலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. மேலே சொன்ன கனவுத் தூக்கத்தை, அதாவது கண்மணி வேகமாக அசையும் ரெம் தூக்கத்தை, 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் க்ளைட்மேனும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக அது வரும், விடியும் நேரத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு சுற்றிலும் நீண்டுகொண்டே போகும். அதனால் விடிகாலையில் கனவு நீளமாக வருகிறது, உடனே எழுந்துவிடுவதால் நினைவும் இருக்கிறது.

நோட்டு

சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். போனில் எழுதவேண்டாம் என்பேன். காரணம் எளிது: போனை எடுத்தால் முதலில் வாட்ஸ்அப் திறக்கும், கனவு போய்விடும். இருட்டில் எழுதச் சோம்பலாக இருந்தால் குரலில் மட்டும் பதிவு செய்துகொண்டு பிறகு எழுதலாம், ஆனால் எல்லோரும் ஒரே ஹாலில் பாய் விரித்துப் படுக்கிற வீட்டில் அதிகாலை நாலு மணிக்கு நீங்கள் போனோடு பேசிக்கொண்டிருந்தால் அம்மா எழுந்து வேப்பிலை தேடப் போய்விடுவார்.

முழிப்பு வந்ததும் சட்டென்று எழாதீர்கள். படுத்த நிலையிலேயே கண்ணைத் திறக்காமல் கடைசியாக என்ன பார்த்தோம் என்று பின்னோக்கிப் போங்கள். கடைசிக் காட்சி கிடைத்தால் அதற்கு முந்தியது பெரும்பாலும் கூடவே வரும். அப்புறம் எழுதுங்கள். "போனேன், பார்த்தேன்" என்று எழுதாமல் இப்போது நடக்கிற மாதிரி, "போகிறேன், பார்க்கிறேன்" என்று எழுதுங்கள், உங்கள் பேச்சுத் தமிழிலேயே. நாலு வரி போதும். கனவு நீளமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை, ஒரே ஒரு படம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் வேலைக்கு ஆகும். கனவே நினைவில்லை என்றால் எழுந்தபோது மனம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் பல் விளக்கப் போங்கள்.

கனவின் கீழே இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, என்ன உணர்ச்சி, நூற்றுக்கு எவ்வளவு. பயம் 90, அவமானம் 80 என்கிற மாதிரி. இரண்டு, முந்தின நாள் நடந்ததில் முக்கியமானது ஒன்று. இரும்பாலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள் எந்த ஷிப்ட் முடித்துப் படுத்தார்கள் என்பதையும் குறிக்கவேண்டும்.

நோட்டை யார் எடுத்துப் படித்தாலும் பரவாயில்லை என்கிற வீடு அபூர்வம். பூட்டு போடுகிற இடத்தில் வையுங்கள். கனவில் வரக்கூடாதவர்களோடு வரக்கூடாத காட்சியெல்லாம் எல்லோருக்கும் வரும், அது ஆசையும் ஆகாது, குற்றமும் ஆகாது.

ஒரு உதாரணம், முழுசாக

இது ஒரு ஆளின் கதை கிடையாது, பலரிடம் கேட்டதைக் கலந்து நான் செய்தது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம், பையனுக்கு முப்பது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் இப்படி எழுதியிருக்கிறார்:

"அடிவாரத்துல இருந்து ஏற்காடு பஸ்ஸு. நான்தான் ஓட்டுறேன். எனக்கு பஸ் ஓட்டத் தெரியாது. பின்னாடி அப்பா, அம்மா, தங்கச்சி, பட்டறை ஆளுங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. ஏழாவது வளைவோ எட்டாவதோ, திரும்புறப்ப பிரேக் பிடிக்கல. வண்டி பின்னாடி உருளுது. ரோட்டோரம் நிக்கிறவங்க சிரிக்கிறாங்க. கத்துறேன், சத்தம் வரல. பஸ் கவுந்துருச்சு. எல்லாரும் போயிட்டாங்க."

கீழே: பயம் 90, அவமானம் 85. முந்தின நாள்: அப்பா முட்டி வலியால் பட்டறைக்கு வரவில்லை, கூலிக் கணக்கை நீயே போட்டுக் கொடுத்துவிடு என்றார், இவர் போடவில்லை.

அடுத்து செய்யவேண்டியது இந்தக் கனவிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுப்பது. இதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமானது, அவசரப்படவேண்டாம். கனவில் எந்த நொடி உச்சம்? அந்த நொடியில் மனதில் ஓடியது என்ன? "நான்" என்று தொடங்கி ஒரு வாக்கியமாக எழுதுங்கள். முதலில் "பயமா இருந்துச்சு" என்றுதான் வரும். அது உணர்ச்சி, எண்ணம் ஆகாது. பயம் ஏன், என்ன ஆகிவிடும் என்று, ஆனால் என்ன, அது உங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று மேலும் மேலும் கேட்டுக்கொண்டே போனால் ஒரு இடத்தில் நின்றுவிடும். இவருக்கு நின்ற இடம்: "என்னை நம்பி உக்காந்தவங்களை நான்தான் கவுத்துவிடுவேன்." எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டால் நூற்றுக்கு 85.

அந்த வாக்கியத்தை அப்படியே பகலுக்குக் கொண்டு வாருங்கள். போன வாரம் எப்போதெல்லாம் இதே வாக்கியம் உள்ளே ஓடியது? வெள்ளி விலை ஏறின செய்தி பார்த்தபோது. வியாபாரி போன் அடித்தபோது எடுக்காமல் விட்டபோது. கணக்கு நோட்டை மேஜையில் எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனபோது. அதாவது கவிழ்த்துவிடுவோம் என்ற பயத்தில் ஸ்டியரிங்கையே தொடாமல் இருக்கிறார், தொடாததால் கணக்கு தேங்குகிறது, தேங்கினதைப் பார்த்து "பார், நான் லாயக்கில்லை" என்கிறார். இந்தச் சுற்று கண்ணில் பட்டதே பாதி வேலை.

கனவை விசாரிப்பது

இப்போது சரிபார்க்கவேண்டும். சாதாரணமாக சிபிடியில் பகல் நிகழ்ச்சிகளை வைத்து இதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று பட்டியல் போடுவார்கள். கனவு கையில் இருக்கும்போது கனவுக்குள்ளேயே முதலில் தேடலாம், ஏனென்றால் அங்கே யாரையும் புண்படுத்தாமல் தாராளமாகக் கேள்வி கேட்க முடியும், "உங்க அப்பா உங்களுக்குச் சொல்லித் தரலையா?" என்று நேராகக் கேட்டால் நம் ஊரில் உடனே அப்பாவுக்கு வக்காலத்து வந்துவிடும்.

நான் எப்போதும் முதலில் கேட்பது: எழுதியிருப்பதில் எது பார்த்தது, எது நீங்களாகச் சேர்த்தது? "பஸ் கவிழ்ந்ததைப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். "இல்லைங்க... உருளுறப்பவே முழிப்பு வந்துருச்சு." அப்படியென்றால் கவிழ்ந்தது, எல்லோரும் போனது, இரண்டும் எழுதும்போது சேர்ந்துகொண்டவை. கனவைச் சொல்லும்போது முடிவை மோசமாக்கிச் சொல்வது வாடிக்கை, சொல்கிறவருக்கே தெரியாது. பகலிலும் இதேதான் நடக்கிறது. வியாபாரி போன் அடித்தார் என்பது நடந்தது. ஆர்டரை ரத்து செய்யப்போகிறார் என்பது இவர் சேர்த்தது. போனை எடுத்துப் பார்க்கவே இல்லை.

அடுத்தது, டிரைவர் சீட்டில் உட்கார வைத்தது யார்? ஓட்டத் தெரியாது என்று யாரிடமாவது சொன்னீர்களா? பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் ஓட்டத் தெரிந்தவர் யாராவது உண்டா? கடைசிக் கேள்விக்கு இவர் தலை நிமிர்ந்தார். முப்பது வருஷம் பட்டறை நடத்திய மனிதர் பின் சீட்டில்தான் இருக்கிறார், இவர் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. சிரித்தவர்கள் யார் என்று கேட்டால் முகம் ஞாபகமில்லை. பகலில் நிஜமாகச் சிரித்தவர் யார் என்று தேடினால் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு சொந்தக்காரர் சொன்ன ஒரு வார்த்தை, அவ்வளவுதான் மொத்த ஊரும்.

இதே கனவைத் தங்கை வந்து சொன்னால் என்ன சொல்வீர்கள் என்று கேட்பதும் நல்ல கேள்வி. பதில் உடனே அன்பாக வரும். "நீ ஏன்டி தனியா ஓட்டுற, அப்பாவைப் பக்கத்துல உக்கார வையேன்" என்பார்.

விசாரணை முடிந்ததும் பழைய வாக்கியத்துக்குப் பதில் ஒன்றை எழுதவேண்டும். இங்கேதான் புதியவர்கள் பாசிட்டிவ் திங்கிங் வீடியோவில் கேட்டதை எழுதிவிடுகிறார்கள்: "நான் எதையும் சாதிப்பேன்." தயவுசெய்து வேண்டாம். உங்கள் மனமே அதை நம்பாது, நம்பாத வாக்கியம் ராத்திரியில் உதவாது. உண்மையாக இருந்தால் போதும். இவர் எழுதியது: "எனக்கு இன்னும் முழுசாப் பிடிபடல. தெரிஞ்சவர் பக்கத்துலயே இருக்கார், நான் இன்னும் கேக்கல." பழைய வாக்கியத்தை இப்போது எவ்வளவு நம்புகிறார் என்றால் 55. பூஜ்யம் ஆகவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்பத்தைந்தோடு போனை எடுக்க முடியாது, ஐம்பத்தைந்தோடு எடுத்துவிடலாம்.

முடிவை மாற்றி எழுதுவது

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இந்தப் படி தனியாகவே பலன் தரும். அமெரிக்கத் தூக்க மருத்துவர் பேரி கிராக்கோவும் குழுவும் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அந்த அதிர்ச்சியின் பாதிப்போடு இருந்த பெண்களிடம் இதைச் செய்து பார்த்து 2001-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள், கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கம் தேறியது. 2018-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பும் கெட்ட கனவுக்கு இதைப் பரிந்துரைத்தது. நான் மேலே சொன்ன விசாரணை முறைக்கு இந்த அளவு ஆராய்ச்சி பலம் கிடையாது, அது சிபிடிக்குள் ஒரு துணைக் கருவி என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யும் விதம் எளிது. உள்ளதிலேயே கொடூரமான கனவில் தொடங்கவேண்டாம், நடுத்தரமான ஒன்றை எடுங்கள். அதை உங்களுக்குத் தோன்றிய இடத்தில் மாற்றி, புதிய கனவாக முழுசாக எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், பஸ்ஸுக்கு இறக்கை முளைத்தாலும் தப்பில்லை. பிறகு தினமும் பகலில் பத்து முதல் இருபது நிமிடம் கண்ணை மூடி அந்தப் புதிய கனவை மட்டும் ஓட்டிப் பாருங்கள், சத்தம், வாசனை, வெளிச்சம் எல்லாவற்றோடும். பழையதை ஒத்திகை பார்க்காதீர்கள். சில வாரம் விடாமல் செய்யவேண்டும்.

நம் கொலுசுக்காரர் மாற்றி எழுதியது எனக்குப் பிடித்த மாதிரி. வண்டி உருளத் தொடங்கும்போது கண்டக்டர் குதித்து இறங்கி பின் டயருக்குக் கட்டை வைக்கிறார், மலை வண்டியில் எப்போதும் கட்டை இருக்கும். பஸ் நிற்கிறது. மேலே இருந்து இறங்குகிற கார் ஒதுங்கி வழி விடுகிறது. அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முன்னால் வந்து பானட் பக்கத்தில் உட்கார்ந்து, "ஃபர்ஸ்ட் கியர்ல போடு, அவசரமில்ல" என்கிறார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வண்டி ஏறுகிறது. ரோட்டோரம் நின்றவர்கள் ஏற இடம் கேட்கிறார்கள்.

இதற்குப் பிறகு பகலில் ஒரு சின்ன வேலை வேண்டும், இல்லையென்றால் எல்லாம் நோட்டோடு நின்றுவிடும். மாற்றி எழுதிய கனவே என்ன வேலை என்று சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அப்பாவோடு உட்கார்ந்து கூலிக் கணக்கு போடுவது. நாளைக் காலை பத்து மணிக்கு அந்த வியாபாரிக்குத் தானே போன் செய்வது. நாள், நேரம், யாரோடு என்று எழுதவேண்டும், "இனிமேல் தைரியமா இருப்பேன்" என்று எழுதுவது வேலை ஆகாது.

பலன் பார்க்கிறவர்களுக்கு

கனவுப் பலனை நம்புகிறவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, தேவையும் இல்லை. கோட்டை மாரியம்மனுக்கு விளக்கு போட்டால் மனசு லேசாகிறதா, தாராளமாகப் போடுங்கள். ஆனால் பல் விழுந்த கனவைக் கண்டு, காலை ஐந்து மணிக்கு பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, அவன் எடுக்காத பத்து நிமிடத்தில் பாதி உயிர் போய்விடுகிற அம்மாவுக்குக் கனவைவிட அந்தப் பலன்தான் எதிர்மறை எண்ணம். அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: தேதி, கனவு, என்ன நடக்கும் என்று பயந்தேன், எத்தனை நாளைக்குள். அந்தக் கெடு முடிந்ததும் நடந்ததா இல்லையா என்று ஒரு டிக். பலிக்காத கனவுகளை நாம் எண்ணுவதே இல்லை, எப்போதோ ஒன்று ஒத்துப்போனது மட்டும் இருபது வருஷம் கழித்தும் பேச்சில் இருக்கும். நோட்டு இரண்டையும் எண்ணும். அம்மாவே பக்கத்தைப் புரட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வரட்டும், நீங்கள் வாயைத் திறக்கவேண்டாம்.

கைவைக்கக் கூடாத இடங்கள்

இறந்துபோன அப்பா கனவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து டீ கேட்டார் என்றால் அதில் திருத்த எதுவும் இல்லை. அழுகை வந்தால் அழட்டும். எல்லாக் கனவையும் எடுத்து விசாரிக்கும் பழக்கம் வந்தால் அதுவே ஒரு தொல்லையாகிவிடும், வாரத்துக்கு ஒன்று போதும்.

இன்னொன்று கொஞ்சம் கனமான விஷயம். கனவு, நடந்ததற்கு சாட்சி ஆகாது. கனவில் ஒரு உறவினர் தப்பாக நடந்துகொண்டார் என்பதை வைத்து, சின்ன வயதில் அப்படி நடந்து மறந்திருக்கவேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், அங்கே நிறுத்துங்கள். இல்லாத நினைவை இப்படி உண்டாக்கிவிட முடியும். நிஜமாகவே நடந்தது நினைவில் இருந்து, அதுவே கனவாக வருகிறது என்றால் அது வேறு, அதை வீட்டில் தனியாக நோட்டு வைத்துச் செய்யாமல், பயிற்சி பெற்றவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். காதில் குரல் கேட்கிறவர்கள், கனவு எது நிஜம் எது என்று பகலிலும் குழம்புகிறவர்கள், பல நாளாகத் தூங்காதவர்கள், இவர்களுக்கும் இந்த வழி இப்போதைக்கு வேண்டாம், முதலில் மனநல மருத்துவர்.

கவுன்சலிங் படித்துவிட்டு இப்போதுதான் தொழிலுக்கு வந்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அர்த்தம் சொல்லும் ஆசையை அடக்குங்கள். வந்தவர் உங்களை ஜோசியர் இடத்தில் வைப்பார், அது சுகமாக இருக்கும். "உங்களுக்கு அது எப்படி இருந்துச்சுங்க?" என்று திருப்பிக் கேளுங்கள்.

சேலத்தில் எங்கே போவது

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் புறநோயாளிச் சீட்டு போட்டுப் பார்க்கலாம். கூட்டம் இருக்கும், கனவைப் பற்றி விரிவாகப் பேச அங்கே நேரம் கிடைக்காமல் போகலாம், ஆனால் தூக்கம், மாத்திரை, டிப்ரஷன் எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துவிடுவார்கள், தொடக்கத்துக்கு அதுதான் தேவை. தனியாரிடம் போகிறவர்கள், மருத்துவ உளவியலாளர் என்று போர்டு வைத்திருப்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சிபிடி செய்வீர்களா, கனவு நோட்டு கொண்டுவரலாமா என்றும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஏற்காட்டிலும் நாகலூர் பக்கமும் இருப்பவர்கள் ஒவ்வொரு பேச்சுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறவேண்டியதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். செத்துப்போகிற மாதிரி கனவு வருவது பலருக்கும் உண்டு, அதற்காகப் பதறவேண்டாம். ஆனால் எழுந்த பிறகும், பகலிலும், செத்துப்போனால் தேவலை என்று எண்ணம் ஓடினால் நோட்டை மூடிவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அப்போதே அந்த எண்ணுக்கு அடியுங்கள்.

முதல் நாள் போகும்போது நோட்டு முழுவதையும் வாசிக்கவேண்டாம். மூன்று விஷயம் எடுத்துக்கொண்டு போனால் போதும்: சமீபத்தில் திரும்பத் திரும்ப வந்த ஒரு கனவு, அதிலிருந்து நீங்களாக எடுத்த அந்த ஒரு வாக்கியம், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு.